அந்தப் பத்திரத்தில் இப்போது கையெழுத்து வேண்டாம்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு புல்லாங்குழல் கலைஞர் எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். ஊர், பள்ளி, பதிவு நிறுவனம் எல்லாவற்றின் பெயரையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 37. அப்பா விசைப்படகில் பங்குக்குப் போனவர். இவர் 12 வயதில் குழலைக் கையில் எடுத்து, வாரக் கடைசிகளில் மதுரைக்குப் பஸ் ஏறிப் போய்க் கற்றிருக்கிறார். அரசுத் தேர்வுத் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் இசை ஹையர் கிரேடு முடித்திருக்கிறார். ஒன்பது வருடமாக ஒரு தனியார் பள்ளியில் பகுதிநேர இசை ஆசிரியை. வாரத்தில் ஐந்து நாளும் மதியத்துக்கு மேல் வகுப்பு. மாதம் 9,000 ரூபாய், கையில் ரொக்கமாக. பணி நியமனக் கடிதம் கிடையாது. மாலையில் வீட்டில் 22 பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். கல்யாண வரவேற்பு, நாட்டிய அரங்கேற்றம், கோயில் திருவிழா, கிறிஸ்துமஸ் கேரல் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வாசிக்கிறார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு பக்திக் காணொளி எடுக்கும் ஒரு நிறுவனம் இவரை ஒரு நாள் ஸ்டூடியோவுக்கு அழைத்து ஆறு உருப்படிகளைப் பதிவு செய்து, 6,000 ரூபாய் கொடுத்து அனுப்பியது. இன்று அவை யூடியூபில் இருக்கின்றன. அதில் ஒன்று பத்து லட்சம் பார்வையைத் தாண்டிவிட்டது. எங்கும் இவர் பெயர் இல்லை. கேட்டதற்கு, 100 ரூபாய் பத்திரத்தில் ஒரு வாசகம் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார்கள்: ‘இதுவரை வாசித்தவை, இனி வாசிப்பவை அனைத்தின் எல்லா உரிமைகளையும் ஆயுள் முழுவதும், உலகம் முழுவதும் விட்டுக்கொடுக்கிறேன்.’ பதிலுக்கு 15,000 ரூபாயும், காணொளியில் பெயரும். பத்து நாளில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம்.

இதற்கு நடுவில் பள்ளி நிர்வாகம் ‘வீட்டில் டியூஷன் எடுப்பதை நிறுத்து, இல்லாவிட்டால் ஜூனில் வர வேண்டாம்’ என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறது. கணவரோ ‘கச்சேரியும் வேண்டாம், கேஸும் வேண்டாம், அரசு வேலைக்கு முயற்சி செய்’ என்கிறார். ‘பணத்தை வாங்கிவிட்டேனே, இனி என்ன உரிமை இருக்கிறது? பள்ளி அப்படிச் சொல்லலாமா? சென்னைக்குப் போகாமல் இந்தத் தொழிலில் முன்னேற முடியாதா?’ என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் மூன்று தனித்தனிச் சிக்கல்களாகத் தெரிந்தன. மறுபடி படித்தபோது ஒன்றுதான் என்று பட்டது: இத்தனை வருடத் தொழிலுக்கு உங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், காகிதம் இல்லாதது பள்ளி விஷயத்தில் உங்களுக்குப் பாதகம். பதிவு விஷயத்தில் அதுவே உங்கள் பலம். அதனால்தான் அவர்கள் பத்து நாள் கெடு வைத்துப் பத்திரம் அனுப்புகிறார்கள். எல்லா உரிமையும் ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தால், மேலும் 15,000 ரூபாய் கொடுத்து உங்கள் கையெழுத்தை ஏன் கேட்க வேண்டும்? இதை யோசித்துப் பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும்.

6,000 ரூபாய்க்கு எதை விற்றீர்கள்?

‘பணத்தை வாங்கிக்கொண்டேன், அத்தோடு என் உரிமை போயிற்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தில் அது அவ்வளவு சுலபமாகப் போய்விடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாட்டை இயற்றியவருக்கு இருப்பது போலவே, அதை நிகழ்த்திக் காட்டுபவருக்கும் தனியாக ஓர் உரிமை உண்டு. நிகழ்த்துநர் உரிமை என்பார்கள். 2012இல் வந்த திருத்தம் அதை இன்னும் கெட்டிப்படுத்தியது. உங்கள் வாசிப்பைப் பதிவு செய்வது, படியெடுப்பது, மக்களிடம் கொண்டுபோவது ஆகியவற்றுக்கு அனுமதி தரும் அதிகாரம் உங்களுடையது. வாசித்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 வருடம் அது நிற்கும். அதை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுப்பதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், உங்கள் கையெழுத்து இருக்க வேண்டும், எந்த உருப்படி, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்பதெல்லாம் சொல்லப்பட வேண்டும். எழுதும்போது காலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் ஐந்து வருடம், இடத்தைக் குறிப்பிடாமல் விட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். ‘ஆயுள் முழுவதும், உலகம் முழுவதும்’ என்ற வாசகம் பத்திரத்தில் எதற்காக வந்தது என்று இப்போது புரிகிறதா?

ஆறு உருப்படிகளில் நான்கு பழைய கீர்த்தனைகள் என்கிறீர்கள். ராமேஸ்வரம் ராமநாதர் மீது முத்துசுவாமி தீட்சிதர் செய்த ‘ராமநாதம் பஜேஹம்’ அதில் ஒன்று. தீட்சிதர் மறைந்தது 1835இல். இயற்றியவர் இறந்து 60 வருடத்துக்குப் பிறகு அந்தப் படைப்பு எல்லோருக்கும் பொது. ஆகவே அந்தக் கீர்த்தனையை நீங்களும் வாசிக்கலாம், அவர்களும் வேறு யாரையாவது வைத்து வாசிக்கச் சொல்லலாம். ஆனால் நீங்கள் வாசித்தது உங்களுடையது. பாட்டு யாருக்குச் சொந்தம் என்பது ஒரு கேள்வி, வாசிப்பு யாருக்குச் சொந்தம் என்பது இன்னொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் ‘அது பொதுப் பாட்டுதானே மேடம்’ என்று உங்களிடம் போனில் பேசியிருக்கிறார்கள்.

மீதி இரண்டு உருப்படிகள்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. உங்கள் அப்பா வலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டின் மெட்டை எடுத்து, முன்னால் ஓர் ஆலாபனை வைத்து, நடுவில் நீங்களே சிட்டைஸ்வரம் (முன்கூட்டியே கோத்து வைக்கும் ஸ்வர வரிசை) கட்டி வாசித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அம்பா மெட்டு யாருக்கும் தனிச் சொத்து இல்லை, அது கரையில் வலை இழுத்த எல்லோருடையதும். ஆனால் நீங்கள் புதிதாகக் கட்டிய பகுதிக்கு நீங்கள்தான் ஆசிரியர். அங்கே வாசித்தவர் என்ற உரிமையோடு இயற்றியவர் என்ற உரிமையும் சேர்கிறது. பத்து லட்சம் தாண்டியது அந்த இரண்டில் ஒன்று என்பதையும் கவனித்தேன். பதிவுக்கு முன்பே எழுதிவைத்த ஸ்வரக் குறிப்பு நோட்டு இருக்கிறதா? வீட்டில் ஒத்திகை பார்த்தபோது போனில் பிடித்த ஒலி ஏதாவது? தேடி எடுத்து வையுங்கள். அழித்துவிடாதீர்கள்.

பெயர் போடாதது பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாசித்தவர் இவர் என்று அடையாளம் காட்டப்படுவதும், வாசிப்பைச் சிதைத்துப் பெயரைக் கெடுத்தால் ஆட்சேபிப்பதும் சட்டம் உங்களுக்கு நேரடியாகக் கொடுத்திருக்கும் உரிமைகள். நேரத்துக்காகக் கொஞ்சம் வெட்டுவது சிதைப்பதில் சேராது. ஆனால் ஆறு உருப்படியிலும் குழல்தான் பிரதானம் என்னும்போது பெயரே இல்லாமல் விட்டதற்குச் சமாதானம் சொல்வது கடினம். ஆகவே பெயர் என்பது அவர்கள் உங்களுக்குச் செய்யும் சலுகையே அல்ல. அதைப் பத்திரத்துக்குக் கூலியாகக் காட்டியிருப்பது கெட்டிக்காரத்தனம்.

சரி, இனி எதிர்த்தரப்பிலிருந்து பார்ப்போம். ‘அவரே வந்து வாசித்தார், பணம் வாங்கினார், யூடியூபுக்கு என்று தெரியும், இரண்டு வருடம் வாய் திறக்கவில்லை’ என்று அவர்கள் வாதாடுவார்கள். அதில் கனம் இல்லாமல் இல்லை. காணொளியை வெளியிட நீங்கள் மறைமுகமாகச் சம்மதித்தீர்கள் என்று ஒரு நீதிமன்றம் கருதவும் கூடும். அதனால் எல்லாவற்றையும் இறக்கவைத்துப் பெரிய நஷ்டஈடும் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்து லட்சம் பார்வை என்றதும் உங்கள் கணவர் லட்சக்கணக்கில் கணக்குப் போட்டாராம். பார்வை எண்ணிக்கையும் விளம்பர வருமானமும் ஒன்றுக்கொன்று நேராக ஓடுவதில்லை. எவ்வளவு வந்தது என்று கணக்குக் கேட்கலாம், கேட்க வேண்டும். ஊகத்தில் சண்டை போட வேண்டாம்.

என்னைக் கேட்டால், பேசித் தீர்ப்பதுதான் நல்லது. ஆனால் உங்கள் விதிகளோடு பேசுங்கள். புதிய வாசகம் ஒன்றை அனுப்பச் சொல்லி, அதில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்:

ஒன்று, ஆறு உருப்படிகளின் பெயர் மட்டும் இருக்க வேண்டும். ‘இனி வாசிப்பவை’ என்ற இரண்டு சொல் அங்கே இருக்கவே கூடாது. அதில் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு உங்கள் மாணவியோடு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துப் பதிவேற்றுவதற்குக்கூட அவர்களிடம் கேட்டு நிற்க வேண்டிவரும்.

இரண்டு, காலம். ஐந்து வருடத்துக்கு மேல் நான் சம்மதிக்க மாட்டேன்.

மூன்று, ஒருமுறைத் தொகையோடு வருமானத்தில் ஒரு பங்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கும். பங்கு சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. கணக்குக் காட்டும் கடமை எழுத்தில் வருவதுதான் முக்கியம்.

நான்கு, நீங்கள் இயற்றிய இரண்டு உருப்படிகளுக்குத் தனி வாசகம். இயற்றியவர் என்ற உரிமை உங்களிடமே நிற்கட்டும். இந்தக் காணொளியில் பயன்படுத்த மட்டும் அனுமதி கொடுங்கள்.

அவர்கள் மறுத்தால் வழக்குப் போட சென்னைக்கோ அவர்கள் ஊருக்கோ அலைய வேண்டும் என்று பயப்படுகிறீர்கள். தேவையில்லை. பதிப்புரிமை வழக்கை உரிமைக்காரர் தான் வசிக்கும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 62ஆவது பிரிவு சொல்கிறது. உங்களுக்கு அது ராமநாதபுரம். வக்கீல் கட்டணத்தை நினைத்தும் கலங்க வேண்டாம். இலவச சட்ட உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். பெண்கள் பலருக்கு இது தெரிவதில்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால்தான் கிடைக்கும் என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. முத்திரைத்தாளில் எழுதினால்தான் செல்லும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அது ஒப்பந்தம்தான். வாட்ஸ்அப் செய்தியைக்கூடச் சம்மதம் என்று காட்டி வாதாட முடியும். நம் பிள்ளைகள் மரியாதைக்காக எதற்கெடுத்தாலும் ‘சரி சார்’ என்று தட்டிவிடுகிறார்கள். அதை விட்டுவிடுங்கள்.

பள்ளி சொல்வதில் பாதி

இங்கே உங்களைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. ‘பள்ளி நேரத்துக்கு வெளியே நான் என்ன செய்தால் அவர்களுக்கு என்ன?’ என்று கேட்டிருக்கிறீர்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, ஆசிரியர் எவரும் தனிப்பட்ட டியூஷனில் ஈடுபடக் கூடாது என்கிறது. நிர்வாகம் யாரிடமோ கேட்டுத்தான் பேசுகிறது. ஆனால் அதே சட்டத்தின் அட்டவணை, நடுநிலை வகுப்புகளுக்கு ஓவியம், இசை போன்ற கலைக்கல்வி கற்பிப்பவர்களைப் ‘பகுதிநேரப் பயிற்றுநர்’ என்று தனியாகவே குறிப்பிடுகிறது. மதியத்துக்கு மேல் மட்டும் வந்து, 9,000 ரூபாய் வாங்கும் ஒருவரின் முழு வாழ்வாதாரத்தையும் 28ஆவது பிரிவு கட்டிப்போடாது என்பது என் கருத்து. எழுத்தில் நிபந்தனை எதுவும் இல்லாததும் உங்களுக்குச் சாதகம். இது வாதம்தான், தீர்ப்பல்ல. வம்பைக் குறைக்க ஒரு வழி சொல்கிறேன்: அந்தப் பள்ளியில் உங்களிடம் படிக்கும் பிள்ளைகளை வீட்டு வகுப்பில் சேர்க்காதீர்கள். 22 பேரில் நான்கு பேர்தான் அப்படி என்கிறீர்கள். அந்த நால்வருக்காக மற்ற பதினெட்டையும் அடகு வைக்க வேண்டாம்.

ஆனால் பள்ளியும் உங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் பள்ளியில், மாதம் 15,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவருக்கு வருங்கால வைப்பு நிதி கட்டாயம். பகுதிநேரம் என்பது அதற்கு விலக்கல்ல. ஒன்பது வருடமாக உங்கள் பெயரில் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை என்றால் அது அவர்கள் தவறு. பணிக்கொடையும் அப்படித்தான். ஐந்து வருடம் தொடர்ந்து பணியாற்றியவருக்கு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கு. ஆசிரியர்களுக்கும் அது உண்டு என்று 2009இல் சட்டம் திருத்தப்பட்டது, 2022இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 9,000 ரூபாயை 26ஆல் (மாதத்தின் வேலை நாள் கணக்கு) வகுத்து, 15ஆல் பெருக்கி, ஒன்பதால் பெருக்குங்கள்: சுமார் 46,700 ரூபாய் வருகிறது. உங்களை வெளியே அனுப்பினால் அது கேட்க வேண்டிய தொகை. தொடர்ச்சியாக வேலை பார்த்தீர்கள் என்று காட்டும் பொறுப்பு மட்டும் உங்கள் தலையில் விழும்.

ரொக்கச் சம்பளத்துக்கு என்ன ஆதாரம் என்று கவலைப்படுகிறீர்கள். ஆதாரம் நிறையவே இருக்கிறது, நீங்கள்தான் அப்படிப் பார்க்கவில்லை. ஆண்டு விழா அழைப்பிதழில் ‘இசை ஆசிரியை’ என்று அச்சான பெயர், அடையாள அட்டை, தலைமை ஆசிரியை குழுவில் அனுப்பிய ‘நாளை பிரார்த்தனைப் பாட்டு மாற்றணும்’ வகைச் செய்திகள், மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனபோது கொடுத்த கடிதம். ஒரு கோப்பில் வருட வாரியாகச் சேர்த்து வையுங்கள். உடனே புகார் கொடுக்கச் சொல்லவில்லை. ‘வரும் கல்வியாண்டுக்குப் பணி நியமனக் கடிதமும், சம்பளத்தை வங்கிக் கணக்கிலும் வேண்டுகிறேன்’ என்று பணிவாக ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துத் தர மறுத்தால் பதிவுத் தபால்.

கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டு

வரவேற்பில் சினிமாப் பாட்டு வாசித்தால் கேஸ் வரும் என்று ஒரு கல்யாண மண்டபக்காரர் பயமுறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். திருமணத்தையும் அதையொட்டிய விழாக்களையும் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதைத் தெளிவுபடுத்தி அறிவிப்பு வெளியிட்டது. கவலையில்லாமல் வாசியுங்கள். ஆனால் ஓட்டலில் நடக்கும் புத்தாண்டுக் கொண்டாட்டம் இந்த விலக்கில் வராது. அனுமதி வாங்க வேண்டியது ஏற்பாட்டாளர், அதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதே பாட்டை நீங்கள் யூடியூபில் ஏற்றுவதும் வேறு விஷயம்.

நிரந்தரம் என்ற சொல்

உங்கள் கணவர் மேல் கோபப்படாதீர்கள். படகுக்குப் போகும் வீட்டில் பிறந்தவருக்கு மாதச் சம்பளம் என்பது கரை மாதிரி. ஆனால் அவர் நினைக்கும் கரை அவ்வளவு அகலமாக இல்லை. அரசுப் பள்ளியில் இசை ஆசிரியராக ஹையர் கிரேடு மட்டும் போதாது, தொழிலாசிரியர் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். அது உங்களிடம் இல்லை. 2017இல் சிறப்பாசிரியர்களுக்கு 1,325 இடங்கள் அறிவித்தபோது, ஓவியம், தையல், உடற்கல்வி எல்லாம் போக இசைக்கு நூறுகூட வரவில்லை. பயிற்சியை முடித்து வைத்துக்கொள்ளுங்கள், தனியார் பள்ளியில் சம்பளம் பேசவும் அது உதவும். அறிவிப்பு வந்தால் எழுதுங்கள். அதற்காகக் கச்சேரியை நிறுத்திக் காத்திருக்காதீர்கள். கையில் குழல் இல்லாத இரண்டு வருடத்துக்குப் பிறகு உதட்டுப் பிடிப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வானொலி கிரேடு வாங்கினால் மாத வருமானம் வரும் என்று யாரோ சொன்னதும் சரியல்ல. ஆடிஷனில் தேறினால் பி, பி ஹை, ஏ என்று தரம் கிடைக்கும். அப்புறம் அவ்வப்போது நிகழ்ச்சிக்கு அழைப்பார்கள், அதற்கு மட்டும் சன்மானம். ஆனால் சபாவோ கோயிலோ உங்களை யாரென்று விசாரிக்கும்போது அந்தத் தரம்தான் பதில் சொல்லும். விண்ணப்பிக்காமல் இருப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

சென்னை விஷயம். ‘உப்புக்காற்றில் மூங்கிலும் விரியும், சங்கீதமும் வளராது’ என்று எழுதியிருக்கிறீர்கள். வாக்கியம் அழகு, ஆனால் முழு உண்மை இல்லை. பெரிய பாடகர் பூச்சி ஸ்ரீநிவாச அய்யங்கார் பிறந்தது ராமநாதபுரம் சீமையில்தான், அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் அவருடைய சீடர். பாட்டில் ராம்நாட் கிருஷ்ணன், மிருதங்கத்தில் ராமநாதபுரம் முருகபூபதி என்று ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டே போனவர்கள் இருக்கிறார்கள். போனவர்கள் என்று நானே எழுதிவிட்டேன், கவனித்தீர்களா? ஆம், மேடை அன்றைக்கும் சென்னையில்தான் இருந்தது. கச்சேரிக் கலைஞராக மட்டுமே வாழ வேண்டும் என்றால் நீங்கள் போகத்தான் வேண்டும். 37 வயதில், இரண்டு பிள்ளைகளோடு, வாடகை கொடுத்து, அங்கே ஏற்கெனவே வரிசையில் நிற்கும் குழல்காரர்களுக்குப் பின்னால் நிற்பதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் கடிதத்தில் இன்னொரு வரி இருக்கிறது, நீங்கள் போகிறபோக்கில் எழுதியது: ‘இந்தக் கரையில் குழல் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் இல்லை.’ ராமநாதபுரத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவுகள். குழல் அதில் இல்லை. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை ஒரு பிள்ளைக்குக் குழல் ஆசை வந்தால் யாரிடம் போகும்? உங்களிடம்தான். இது உங்கள் தொழிலின் குறை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது உங்கள் கடையின் முகவரியாகத் தெரிகிறது.

தடைக்காலமும் கட்டணமும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளும் விசைப்படகு கடலுக்குப் போகாது. உங்கள் மாணவர்களில் எட்டுப் பேர் வீட்டில் பணம் புரளாது. பிள்ளைகள் கூச்சப்பட்டு வகுப்புக்கே வராமல் நின்றுவிடுகிறார்கள், ஜூலையில் பாதிப் பேர் திரும்புவதில்லை. நீங்களோ கேட்கச் சங்கடப்பட்டு விட்டுவிடுகிறீர்கள். இதற்குச் சட்டம் எதுவும் சொல்லாது, என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். மாதக் கட்டணத்தை எடுத்துவிட்டு வருடக் கட்டணமாகப் பேசுங்கள். படகு ஓடும் பத்து மாதத்தில் அதைப் பிரித்து வாங்குங்கள். தடைக்கால இரண்டு மாதமும் ‘கட்டணம் ஏற்கெனவே கட்டியாச்சு’ என்ற உரிமையோடு பிள்ளை வந்து உட்காரும். உண்மையிலேயே முடியாத வீட்டுக்கு நீங்கள் விட்டுக்கொடுப்பது உங்கள் மனசு. ஆனால் யாருக்கு விட்டுக்கொடுத்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுங்கள். மூன்று வருட ரசீதுப் புத்தகம் இருந்தால், வங்கியில் கடன் கேட்கும்போது ‘வருமானம் என்ன’ என்ற கேள்விக்குத் தலை குனிய வேண்டாம்.

கச்சேரிக்கும் அப்படித்தான். தேதி, இடம், எத்தனை மணி நேரம், பக்கவாத்தியம் யார் செலவு, முன்பணம் எவ்வளவு என்று ஐந்து வரி வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘உறுதி’ என்று பதில் வாங்குங்கள். பாதி முன்பணம் வராமல் பஸ் ஏறாதீர்கள். புல்லாங்குழல் மாலி வருவாரா மாட்டாரா என்று தெரியாமலே ஜனங்கள் காத்துக்கிடந்த கதைகளைக் கேட்டிருப்பீர்கள். மாலிக்கு அது செல்லும். நமக்கெல்லாம் தேதியும் தொகையும் எழுத்தில் வேண்டும்.

ஜிஎஸ்டி கேட்கிறார்கள் என்ற பயத்துக்கு ஒரு வரி: வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரை உங்களுக்குப் பதிவே தேவையில்லை. செவ்விசை நிகழ்ச்சிக்குச் சன்மானம் ஒன்றரை லட்சம் வரை விலக்கும் இருக்கிறது.

இந்தப் பத்து நாளில்

காணொளிகளின் முகவரி, பதிவேற்றிய தேதி, பார்வை எண்ணிக்கை, விவரக் குறிப்பு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கு அவர்கள் மாற்றினாலும் இன்றைய நிலை உங்களிடம் இருக்கும். அன்றைக்கு 6,000 ரூபாய் எப்படி வந்தது, யார் கொடுத்தார், ஸ்டூடியோவில் தபலா வாசித்தவர் யார் என்று நினைவில் உள்ளபடி தேதியிட்டு எழுதுங்கள். யூடியூபில் உரிமைப் புகார் கொடுக்கும் வசதி இருக்கிறது. இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். பேச்சு முறிந்தால், வக்கீல் மூலம் அறிவிப்பு அனுப்பிய பிறகு பார்க்கலாம். அந்தப் பத்திரத்தைக் கிழிக்காதீர்கள், திருப்பியும் அனுப்பாதீர்கள். எல்லா உரிமையும் ஏற்கெனவே தங்களிடம் இல்லை என்பதற்கு அவர்களே அனுப்பிய சாட்சி அது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள்.

அவர்களுக்கு இன்றைக்கே இந்தப் பதிலை மட்டும் அனுப்புங்கள்: ‘நீங்கள் அனுப்பிய வாசகத்தில் எனக்குச் சம்மதம் இல்லை. ஆறு காணொளிகளிலும் என் பெயரைச் சேர்க்கவும். இதுவரையான வருமானக் கணக்கை அனுப்பவும். திருத்திய வாசகத்தை ஆலோசனை பெற்று அனுப்புகிறேன்.’ அவர்கள் உடனே போன் செய்வார்கள். எடுக்க வேண்டாம், எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் தட்ட வேண்டாம், ‘சரி சார்’ உட்பட.